இல்லாளுக்கு வந்த கொடையும் இல்லமும்

இல்லாளுக்கு அவள் பிறந்தகத்தார் கொடுத்த பணத்தைக் கணவன் தான் முதன்முதல் வாங்கும் வீட்டுக்குக் கைமுதலாக இடுதல் தகுமோ தகாதோ என்பதும், இடின் அவ்வீடு எவருடையதாகும் என்பதும் இக்காலத்தில் எம்மவர் இல்லங்கள்தோறும் எழும் வினாக்களாம். எழுகின்றனவேயன்றி வாய்விட்டுப் பேசப்படுகின்றில. பேசினால் அன்பிற்குக் குறைவு வருமென்று மனைவி அஞ்சுகின்றாள். மானத்திற்குக் குறைவு வருமென்று கணவன் அஞ்சுகின்றான். கொடுத்ததைச் சொல்லிக்காட்டியதாகுமென்று மாமனும் மாமியும் அஞ்சுகின்றனர். நால்வரும் வாய்மூடியிருக்க நொத்தாரிசு ஒருவரே பேசுகின்றார். அவர் பேசுவதோ உறுதியிலே. ஒருமுறை பேசினால் பின்னர் மாற்றுதல் அரிது.

ஆசிரியர்களாகிய அன்பர்கள் இதனைச் சிந்தித்தல் இருவகையாற் கடன். அவர்கள் தாமே இவ்வினாவுக்குள் அகப்படுவோர். மாதச் சம்பளம் உடையார் பெரும்பாலும் வங்கிக் கடனாலன்றி வீடு வாங்குதல் இயலாது. வங்கியோ விலை முழுவதையும் கொடாது, ஒரு பங்கை வாங்குவோன் கையிலிருந்தே எதிர்பார்க்கும். அப்பங்கு சம்பளத்தில் மிச்சம்பிடித்துச் சேருமுன் காணியின் விலை இரண்டு படி ஏறிவிடுகின்றது. அன்றியும், ஊரில் ஒரு குடும்பத்துக்குள் பொருள்பற்றி மனக்கசப்பு வந்தால், இரு பக்கத்தாரும் வந்து நிற்பது வாத்தியார் வீட்டுத் திண்ணையிலேயாம். அங்கே அவர் சொல்லும் சொல்லுக்கு வழக்கறிஞர் சொல்லினும் மதிப்பு மிகுதி. ஆதலின் அச்சொல் ஆராய்ந்து சொல்லப்படல் வேண்டும்.

மாத்தளைப் பகுதியில் இவ்வினா எவ்வடிவங் கொண்டு வருகின்றது என்பதை முதலிற் காட்டுவாம். இறத்தோட்டையிலோ எல்கடுவையிலோ ஒரு தோட்டத்தில் நெடுங்காலம் கொழுந்தெடுத்தோ பால்வெட்டியோ ஓய்ந்த ஒரு மூதாட்டியை எண்ணிக்கொள்க. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்பட்ட ஊழியர் சேமலாப நிதியில் அவர் கூலியிலிருந்து நூற்றுக்கு 8 வீதமும், தோட்டத்தார் பங்காக நூற்றுக்கு 12 வீதமும் மாதந்தோறும் சேர்ந்தன. பெண்கள் 50 வயதில் அதனை மீளப்பெறலாம். அதனுடன் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி பணிக்கொடையும் வந்தது. மழையிலும் அட்டைக்கடியிலும் நின்ற ஓர் ஆயுள் முழுவதும் அந்த இரண்டு தொகைக்குள் அடங்கிவிடுகின்றது. மகள் படித்து ஆசிரியையானாள், மருமகனும் ஆசிரியர். இருவரும் மாத்தளை நகரை அடுத்துச் சில பேர்ச் காணியோடு ஒரு சிறு வீடு பார்க்கின்றனர். மாசி மகத்துக்கு முத்துமாரியம்மன் கோயிலில் ஐந்து தேரும் பார்க்க வந்த தாய், திரும்பிப் போகுமுன் மகளைத் தனியே அழைத்து, இப்பணத்தை எடுத்துக்கொள் என்கின்றார்.

அவர் அங்ஙனஞ் சொல்வதற்குத் தக்க காரணமும் உண்டு. 2022ஆம் ஆண்டில் இந்நாடு கண்ட பொருள் நெருக்கடியில், அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்து விலையேற்றம் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி ஆண்டுக்கு நூற்றுக்கு 70 வீதத்தை அணுகிற்று. வங்கியிற் கிடந்த பணம் கிடந்தபடியே தேய்ந்தது. பணமாய் வைத்தால் தேயும், சுவராய் வைத்தால் நிற்கும் என்று எழுத்தறியாத தாயும் அறிந்துகொண்டார்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. இக்குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்துக்குச் சொந்தமான லயத்து அறையிலே பிறந்து இறந்தவர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் அவருட் பெரும்பாலார்க்குக் குடியுரிமையையே இல்லையாக்கிற்று; 2003ஆம் ஆண்டின் சட்டம் வரையில் அக்குறை முற்றத் தீர்ந்திலது. நாட்டுக்கே உரியரல்லர் எனப்பட்டவர்க்குக் காணி ஏது? ஆகவே இப்பொழுது எழுதப்படும் உறுதி அந்த வமிசத்தில் எழுதப்படும் முதலாவது உறுதியாம். அதன் விலையில் ஒரு பங்கு தாயின் உழைப்பு. அவ்வுறுதியில் மகளின் பெயர் இல்லாமற்போமாயின் அது சிறு காரியமென்று யார் சொல்வார்?

ஆயினும் இல்லாமற்போகின்றது. வங்கிக் கடன் கணவன் பெயரில் ஆகையால் உறுதியும் அவன் பெயரில் என்று தொடங்கி, எல்லாம் எளிதாக முடிந்துவிடுகின்றது. ஏன் என்று கேட்டால் ஒரு விடை ஆயத்தமாய் இருக்கின்றது: கணவனும் மனைவியும் ஒன்றாயிருக்க, உனது எனது என்னும் பிரிவு எங்கிருந்து வந்தது?

இவ்விடை கேட்பதற்கு இனியது. யாம் சிறுவயதிற் படித்த மிஷன் பாடசாலையிலும் கணவனும் மனைவியும் ஓருடலென்றே போதித்தார்கள். ஆனால் அப்போதனையை இங்கிலாந்தின் பழைய பொதுவழக்குச் சட்டம் எவ்வாறு பொருள்கொண்டது என்பதைப் பிற்காலத்திற் படித்தே அறிந்தோம். ஓருடலாயின் அவ்வுடல் கணவனே என்று அது கொண்டது. மணம் முடிந்த அளவில் மனைவியின் பணமும் பண்டமும் கணவனுக்காயின. 1870ஆம் ஆண்டிலும் 1882ஆம் ஆண்டிலும் பிறந்த சட்டங்களாலேயே அந்நாட்டுப் பெண்கள் தம் பொருளைத் தமதென்று சொல்லும் உரிமை பெற்றனர். இருவரும் ஒன்று என்னும் சொல்லைக் கேட்குந்தோறும், அவ்வொன்றின் பெயர் யாது என்று கேட்டல் வேண்டும்.

எமது யாழ்ப்பாணத்து வழக்கமோ வேறுவகையாக நின்றது. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் ஆட்சியில் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவரால் எழுத்திலேற்றப்பட்டு, முதலிமார் பன்னிருவராற் பார்வையிடப்பெற்ற தேசவழமை, ஓரில்லத்துப் பொருளை முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என மூன்றாக வகுத்தது. கணவன் பெற்றோர்வழிப் பொருள் முதுசொம். மனைவி கொண்டுவந்தது சீதனம். இருவரும் மணவாழ்வில் ஈட்டியது தேடியதேட்டம். இவ்வண்ணம் கணக்கு வைத்துக்கொண்டு வாழ்ந்த எம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் அன்பிற் குறைந்தவரோ? கணக்கு உண்டாயின் அன்பு இல்லை என்பது அண்மையிற் பிறந்த கருத்து. அஃது எமது மரபன்று.

இதனைக்கொண்டு எம்மவர் பெருமை பேசித் திளைத்தலும் வேண்டா. அதே வழமையைத் திருத்தியெழுந்த 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தின்படி, மனைவி தன் சொந்தக் காணியையும் கணவனது எழுத்துமூலமான சம்மதமின்றி விற்றலாகாது. கணவன் தன் காணியை விற்க அவள் சம்மதம் வேண்டுவதில்லை. பொருள் அவளது, பூட்டு அவனது என்றவாறாயிற்று. மேலும், மணவாழ்வில் விலைகொடுத்து வாங்கியது தேடியதேட்டமாம் என்று அச்சட்டம் கூறியமையால், சீதனப் பணங்கொடுத்து வாங்கிய காணி சீதனமாகவே நிற்குமோ, தேடியதேட்டமாய் மாறுமோ என்று நீதிமன்றங்களில் நெடுங்காலம் வாதம் நிகழ்ந்தது. 1947ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கத் திருத்தச் சட்டமே அதற்கு விடை தந்தது: கொடுத்த விலை ஒருவரது தனிப்பொருளிலிருந்து வந்ததாயின், வாங்கியது தேடியதேட்டமாகாது. பணம் காணியாய் மாறினும் அதன் பிறப்பு மாறுவதில்லை என்பது இத்திருத்தத்தின் உட்கருத்து. எமது வினாவுக்கும் இதுவே அடிப்படையாம்.

வடமொழி நீதிநூலார் இவ்விடத்தில் இன்னுங் கூர்மையுடையர். மனைவியின் தனத்தைக் கணவன் எடுத்துத் திரும்பக் கொடாதிருக்கத்தக்க சமயங்களை யாஞ்ஞவல்கியர் நான்கென வரையறுத்தார்: பஞ்சம், அறக்கடமை, நோய், சிறைப்படுதல் அல்லது தடுத்துவைக்கப்படுதல். இவை நான்கும் இடர்ப்பட்ட காலங்கள். வீடு வாங்குதல் இந்நான்கினுள் யாதொன்றிலும் அடங்காது. வீடு நல்லது, வேண்டப்படுவது, பிள்ளைகளுக்கு நிழலாவது. எனினும் அஃது இடரன்று, ஆக்கம். இடரில் எடுத்ததைத் திருப்பவேண்டா என்றவர், ஆக்கத்துக்கு எடுத்ததையும் மறந்துவிடலாம் என்று சொன்னாரில்லை.

திருவள்ளுவர் அதிகாரங்களை வைத்த முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. கள்ளாமையைத் துறவறவியலில் வைத்த அவர், வெஃகாமையை இல்லறவியலில் வைத்தார். இல்லறத்தான் களவு செய்ய எழுவது அரிதாகலாம். அருகில் இருக்கும் பிறர்பொருளின்மேல் மனம் வைத்தலே அவனுக்கு நாடோறும் வரும் சோதனை என்பதாக யாம் கருதுகின்றோம். மனைவியின் பொருளினும் அருகிலிருக்கும் பிறர்பொருள் வேறு யாது? அது பிறர்பொருள் என்றே தோன்றாத அளவுக்கு அருகிலிருக்கின்றது. ஈண்டே இடர்.

இனி இதற்கு மறுதலையாய் நிற்பாரும் உளர். மாமன் வீட்டுக் காசு ஒரு சதமும் என் வீட்டுச் சுவரில் ஏறலாகாது என்று சபதஞ் செய்துகொண்டு, வீட்டு மாப்பிள்ளை என்னும் பெயருக்கு அஞ்சி, வாடகை வீட்டிலே பத்து ஆண்டு இருப்பர். இவரைப் பலர் புகழ்வர். யாம் முழுதும் புகழேம். சீதனங் கேட்டு வாங்கேன் என்பது நற்குணம். கேளாமல் மகளுக்கு ஒரு தாய் கொடுப்பதைத் தடுப்பேன் என்பது வேறு. அப்பணம் அவனுக்குக் கொடுக்கப்பட்டதன்று, அவளுக்குக் கொடுக்கப்பட்டது; மறுக்கும் உரிமையும் அவளதே. தன் மானத்துக்காக அவள் தாயின் அன்பை வாயிலில் நிறுத்திவைக்கின்றவன், அவள் பொருளை விழுங்குகின்றவனைப் போலவே, அதனைத் தன்னுடையதாக எண்ணிவிட்டான். ஒருவன் தனதென்று எடுத்தான்; மற்றவன் தனதென்று மறுத்தான். பிழை ஒன்றே.

காரைக்காலம்மையார் சரித்திரத்தை ஆசிரியர்கள் அனைவரும் வகுப்பிற் சொல்லியிருப்பர். மாங்கனியையும் கயிலையையும் சொல்லும் விரைவில், அதன் தொடக்கத்தை விட்டுவிடுகின்றோம். தனதத்தனுக்கு வேறு மகவு இன்மையால், மகளை நாகப்பட்டினத்துக்கு அனுப்ப மனமின்றிக் காரைக்காலிலேயே தன் மனைக்கு அருகில் மனை அமைத்து, மிகுந்த பொருளும் கொடுத்தான். பரமதத்தன் அதனை முதலாகக்கொண்டு வணிகம் பெருக்கினான். பெற்றோர் கொடுத்த முதல் வீடு என்னும் எமது பொருளுக்கு இதனினும் பழைய உதாரணம் தேடவேண்டியதில்லை.

இனி அக்கனிகளை நோக்குக. கடைக்கு வந்தவர் கொடுத்த இரண்டு மாங்கனியைப் பரமதத்தன் இல்லத்துக்கு அனுப்பினான். பசித்துவந்த அடியார்க்கு அம்மையார் அவற்றில் ஒன்றை இட்டார். உணவருந்தும்போது கணவன் ஒரு கனியை உண்டு மற்றதையும் கேட்டான். கேட்டபோது அம்மையார் அது போயிற்றென்று சொல்ல இயலாது உள்ளே சென்று இறைவனை நினைந்து நின்றார். அவ்வில்லம் அம்மையாரின் தந்தை தந்தது; வணிகத்தின் முதலும் அவர் தந்தது. அவ்வில்லத்தில் ஒரு மாங்கனியை அடியார்க்கு இட்டதைச் சொல்ல, அவ்வில்லத்துக்கு உரிய மகளுக்கு நாவெழவில்லை. சேக்கிழார் சொல்லவந்தது இறைவன் அருளையே. எனினும் இல்லத்துப் பொருளின் நிலையை நினைந்து அச்சரித்திரத்தைப் படிப்போர்க்கு இவ்விடம் நெஞ்சிற் தைக்கும். பின்னர்ப் பரமதத்தன் கலமேறிச் சென்று, பாண்டிநாட்டுப் பட்டினமொன்றில் வேறு மணஞ்செய்து வாழ்ந்தான். அவன் தீயனல்லன், பிறந்த மகளுக்கு அம்மையார் பெயரையே இட்டான், கண்டபோது வணங்கினான். தீயவனல்லாத கணவன்மாட்டும் இது நிகழும் என்பதே ஆசிரியர்கள் கருதத்தக்கது. கணவன் நல்லவன், ஆகையால் எழுத்து வேண்டாம் என்று பெண்வீட்டார் சொல்லும்போதெல்லாம் எமக்கு இச்சரித்திரம் நினைவுக்கு வருகின்றது.

கொடை என்னும் சொல்லையும் சற்று ஆராயவேண்டும். கேட்டுப் பெற்றது கொடையன்று என்பதை எல்லாரும் ஒப்புவர். கேளாமற் கேட்டலும் உண்டன்றோ? வங்கி இவ்வளவுதான் தருமாம் என்று மாமி காதில் விழும்படி பெருமூச்சு விடுதல். இன்னார்க்கு அவர் மாமனார் இவ்வளவு கொடுத்தாராம் என்று மனைவியிடம் செய்தி சொல்லுதல். பின்னர் நான் யாரிடமும் ஒன்றுங் கேட்டதில்லை என்று நண்பரிடம் பெருமை பேசுதல். மனமுவந்து கொடுத்தார் என்று சொல்லத் துணியுமுன், கொடாதிருந்தால் அவர் மகள் அவ்வீட்டில் முன்போலவே முகமலர்ந்திருந்திருப்பாளோ என்று கணவன் தன் நெஞ்சைக் கேட்பானாக. ஆம் என்று நெஞ்சு சொல்லுமாயின் அது கொடை.

கொடுப்பவருக்கு வேறு மக்கள் உளரோ என்பதும் பார்க்கத்தக்கது. மூத்தவளுக்குப் போன பணம் இளையவளுக்கு இல்லாத பணம். பழைய தேசவழமையிற் சகோதரர் மணமாகுமுன் உழைத்தது பொதுமுதலிற் சேர்ந்து சகோதரிகளின் சீதனத்துக்கு உதவிற்று. ஆகவே ஒரு பெண்ணுக்கு வந்தது தகப்பன் ஒருவனிடமிருந்து மாத்திரம் வந்ததன்று. தோட்டத்து வீடுகளிலும் அப்படியே. தம்பி கொழும்பில் ஒரு கடையில் நின்று அனுப்பிய பணத்தால் வீட்டுச்செலவு நடந்தமையால் அன்றோ தாயின் சேமலாபம் தொடப்படாமற் கிடந்தது? தாய்க்கு இனி நோய் வந்தால் செலவு எங்கிருந்து வரும் என்பதையும் பணத்தை வாங்குமுன் பேசவேண்டும், வாங்கியபின் அன்று. ஓய்ந்த தொழிலாளிக்கு அத்தொகைக்கு அப்பால் வேறு பற்றுக்கோடு இல்லை.

சட்டத்தின் நிலையைச் சுருங்கச் சொல்லுவாம். மாத்தளை கண்டி நாட்டின் பகுதியாயினும், கண்டியச் சட்டம் கண்டியச் சிங்களவர்க்கே உரியது. யாழ்ப்பாணத்தைத் தம் நிலையான ஊராகக் கொண்டு இங்கே உத்தியோகத்தின் பொருட்டு இருக்கும் ஆசிரியரைத் தேசவழமை தொடரும். மலைநாட்டுத் தமிழர்க்குப் பொதுச்சட்டமே. அதன்படி கணவன் மனைவியர்க்குள் பொதுவுடைமை 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் நீங்கிற்று. 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் மணமான பெண் தன் பொருளைத் தானே வைத்து ஆளும் உரிமை பெற்றாள். விலை ஒருவர் கொடுக்க உறுதி மற்றொருவர் பெயரில் எழுதப்பட்டால், கொடுத்தவர் அதனை மற்றவர்க்கு ஈந்துவிட எண்ணியதில்லை என்று தோன்றுமிடத்து, பெயருடையார் கொடுத்தவர் பொருட்டே அதனை வைத்திருப்பவராவர் என்று 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புச் சட்டம் 84ஆம் பிரிவிற் கூறுகின்றது.

இது நல்ல சட்டமே. ஆயினும் அதன் உதவி நீதிமன்றப் படியேறியவர்க்கே கிடைக்கும். ஏறி, பணம் எங்கிருந்து வந்தது, என்ன எண்ணத்தோடு வந்தது என்று மெய்ப்பித்தவர்க்கே கிடைக்கும். காணியைப்பற்றிய வாய்ச்சொல்லோ செல்லாது. நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிற்க எழுதிய எழுத்தே செல்லும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் முதலாக உள்ள விதி. தாய் மகள் காதிற் சொன்ன சொல்லுக்கு அங்கே சாட்சி யார்?

ஆதலின் எமது கருத்து இது. பணத்தை வாங்குக, மகள் விரும்பித் தாயும் பின்னாளுக்கு வழி வைத்துக்கொண்டு தருவாராயின் அச்சமின்றி வாங்குக. வாங்கும்போது அது மகளின் வங்கிக் கணக்கில் முதலிற் புகட்டும். அங்கிருந்து விற்பவர்க்குச் செல்லட்டும். உறுதி இருவர் பெயரிலும் எழுதப்படட்டும். கைமுதல் முழுவதும் அவளுடையதாயின், அவள் பங்கு இவ்வளவென்று உறுதியிலேயே குறிக்கப்படட்டும். மாதாமாதம் கடன் இறுப்பவன் கணவனாயின் அவன் பங்கும் குறிக்கப்படட்டும். அவனுக்கும் அநீதி செய்யலாகாதன்றோ? கடன் ஒருவர் பெயரில் ஆகையால் உறுதியும் ஒருவர் பெயரில்தான் இருக்கவேண்டும் என்று சொல்லப்பட்டால், இருவருமாகக் கடன் வாங்க இயலுமா என்று வங்கியைக் கேட்க. பெரும்பாலும் இயலும். கேட்பவர் இல்லாமையாலேயே சொல்பவரும் இல்லை.

இங்ஙனஞ் செய்தல் நம்பிக்கையின்மை என்று சிலர் முகஞ்சுளிப்பர். நடந்ததை நடந்தவாறு எழுதுதல் எவ்வாறு நம்பிக்கையின்மையாகும்? தாயின் பணம் வந்தது மெய். அம்மெய்யை எழுதாது விடும் உறுதி, எழுத்திற் பொய்யொன்றும் இல்லாதிருந்தும், மறைத்ததாகவே முடியும். பிள்ளைகளுக்கு வாய்மையைப் பாடஞ்சொல்லும் எம்மவர்க்கு இது தெரியாததன்று.

ஒன்றைமட்டும் ஆசிரியர்களிடம் சிறப்பாகக் கேட்டுக்கொள்ளுகின்றோம். இப்பகுதியில் உறுதிகள் பெரும்பாலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதப்படுகின்றன. பணங்கொடுத்த முதியவர் நொத்தாரிசின் கந்தோருக்கு வெளியே வாங்கில் இருத்தப்படுகின்றார். கையொப்பம் அவரிடம் வேண்டப்படாமையால் அவரை யாரும் அழைப்பதில்லை. உங்களைச் சாட்சியாகவோ துணையாகவோ அழைத்துச் செல்வாராயின், அம்மூதாட்டியை உள்ளே அழைப்பித்து ஒரு கதிரை கொடுப்பித்து, உறுதியின் வாசகத்தைக் கையொப்பமிடுமுன் தமிழில் அவர் கேட்க வாசித்துக் காட்டுங்கள். மகளின் பெயர் வரும் இடத்தில் சற்று நிறுத்தி வாசியுங்கள்.